வரைபடத்தைத் தனிப் ப்ராசஸில் ஓட விடுங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலைக்காக, குரோம் உப்பால் தோலைப் பதனிடும் டிரம்மில் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவைப் பார்த்து, சோடாக் கரைசல் விடும் மோட்டாரை இயக்கி நிறுத்தும் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதிக் கொடுத்திருந்தேன். பிக்கிள் (அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் ஊறவைப்பது) முடிந்த தோல் குரோமை உள்வாங்கிய பிறகு, பிஎச் அளவை 2.8-லிருந்து 3.8 வரை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து, தோல் சொரசொரப்பாகவும் திட்டுத்திட்டாகவும் வரும். அளவு ஏறுவதைக் கண்ணால் பார்க்க ஓர் ஓடும் வரைபடமும் வேண்டும் என்றார்கள். வேலூரில் என் மேசையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை.

ஆலையில் மூன்று மணி நேரம் ஓடிய பின், டிரம் பார்க்கும் பெரியவர் என்னை அழைத்து, "கோடு நவுரவே மாட்டேங்குது சார், மோட்டார் மட்டும் ஓடிக்கினே கீது" என்றார். கையளவு மீட்டரை விட்டுப் பார்த்தபோது டிரம்மில் பிஎச் 4-ஐத் தாண்டியிருந்தது. திரையில் இன்னும் 3.6 என்றே இருந்தது.

தவறு என்னுடையதுதான். பிஎச் அளவுகள் வந்துசேரும் சீரியல் போர்ட்டைப் படிப்பது, மோட்டாரை நிறுத்துவதா என்று முடிவெடுப்பது, மேட்பிளாட்லிப் என்னும் பைத்தான் வரைபடத் தொகுதி கொண்டு வரைவது ஆகிய மூன்றையும் ஒரே லூப்பில் வைத்து, ஒவ்வொரு அளவு வந்ததும் முழுக் கோட்டையும் முதலிலிருந்து வரையச் செய்திருந்தேன். நொடிக்குப் 10 அளவுகள் என்றால் பத்து நிமிடத்தில் 6,000 புள்ளிகள். மூன்று மணி நேரத்திலோ 1,08,000. ஒருமுறை வரைய ஆகும் நேரம் பத்தில் ஒரு நொடியைத் தாண்டிய கணத்திலிருந்து, படிக்கப்படாத அளவுகள் போர்ட்டின் தற்காலிகச் சேமிப்பான பஃபரில் தேங்கத் தொடங்கின. எங்கள் பஃபர் 4,096 பைட், ஓர் அளவு 12 பைட். ஆகவே அது நிரம்பும் வேளையில் நிரல் ஏறத்தாழ 34 நொடிக்கு முந்தைய பிஎச்சை இப்போதையது என நம்பி முடிவெடுத்துக் கொண்டிருந்தது.

வரைவதற்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்னும் பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டையே பைத்தான் குறியீட்டை இயக்க விடும்; அது இல்லாத பதிப்பு 3.13-இல் சோதனை நிலையில் வந்தாலும், மேட்பிளாட்லிப் பல த்ரெட்டுகளிலிருந்து பாதுகாப்பாகக் கையாளத் தக்கதன்று. வேலையைத் தனித்தனிப் ப்ராசஸ்களாக, அதாவது தனியே இயங்கும் நிரல்களாகப் பிரிக்கும், 2.6 பதிப்பு முதல் இருந்துவரும் மல்ட்டிபிராசஸிங் தொகுதியே எனக்குக் கைகொடுத்தது.

இப்போது முதன்மைப் ப்ராசஸ் அளவைப் படிக்கிறது, கோப்பில் எழுதுகிறது, மோட்டாரை முடிவு செய்கிறது. அதற்குப் பிறகுதான், வரையும் ப்ராசஸுக்குத் தரவை அனுப்பும் வரிசையான க்யூவில் ஒரு நகலைப் போடுகிறது. க்யூவுக்கு உச்ச வரம்பு உண்டு. காத்திருக்காமல் போடுவதால், அது நிரம்பியிருந்தால் அந்த நகல் வீசப்படும். படத்தில் சில புள்ளிகள் குறைவதால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. வரையும் ப்ராசஸ் க்யூவில் உள்ளதையெல்லாம் ஒருசேர எடுத்து, கடைசி 3,000 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நொடிக்கு ஐந்து முறை வரைகிறது.

என்னை ஒரு நாள் முழுதும் அலைக்கழித்தது வேறொன்று. வரைபட ஜன்னலை மூடிய பிறகு க்யூவை எடுக்க ஆளில்லை. க்யூ தரவைக் கடத்தும் பைப்பில் இடமில்லாவிட்டால், மிச்சத்தைத் தள்ளி முடிக்கும்வரை முதன்மைப் ப்ராசஸ் முடிவடையாமல் தொங்கும். வெளியேறுமுன் க்யூவின் 'கேன்சல் ஜாயின் த்ரெட்' (மிச்சத்துக்காகக் காத்திருக்காதே என்னும்) அழைப்பைச் சேர்த்ததும் அது சரியானது. விண்டோஸில் துணைப் ப்ராசஸ் மூல நிரலை மீண்டும் ஏற்றும் என்பதால், அதைத் தொடங்கும் வரியை 'மெயின்' சோதனைக்குள் (if __name__ == '__main__') வைக்காவிட்டால் பிழை காட்டும்.

அடுத்த லாட்டின்போது பெரியவரிடமே மௌஸைக் கொடுத்து, பாதியில் ஜன்னலை மூடச் சொன்னேன். தயங்கித்தான் மூடினார். திரையில் எதுவும் இல்லாமல், 3.8-இல் மோட்டார் தானாக நின்றது. அவர் மீட்டரை விட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.