புல்மோட்டைக் கருமணலும் குவாண்டம் புள்ளிகளும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையில் அள்ளப்படும் கருமணலில் ரூட்டைல் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. வெள்ளைப் பெயின்ற்றுக்கு நிறம் கொடுக்கும் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் இயற்கை வடிவம் அது. இத்தகைய உலோக ஒட்சைட்டுகளை ஆய்வுகூடத்தில் ஒருசில நானோமீற்றர் அளவில், அதாவது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒருசில பங்கு அளவில் வளர்த்தெடுத்தால், அவை குவாண்டம் புள்ளிகளாகின்றன. அவ்வளவு சிறிய இடத்தில் இலத்திரன் அடைபடுவதால் அதன் சக்தி நிலைகள் விலகுகின்றன. துகளின் ஒளிர்வும் பருமனுக்கேற்ப மாறுகிறது. துத்தநாக ஒட்சைட்டுப் புள்ளிகள் கரைசலில் வளர வளர, புற ஊதா விளக்கின் கீழ் அவற்றின் ஒளி நீலப்பச்சையிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியமைக்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவரும் 2023இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

ஆயினும், நிறத்தைவிட மேற்பரப்பே முக்கியமானது என்று கருதுகிறேன். காற்றிலுள்ள ஒட்சிசன் ஒட்சைட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதிலிருந்து இலத்திரன்களைப் பறித்துக்கொள்வதால், துகளின் மின்தடை உயர்கிறது. திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறக்கப்படும் மீன் பழுதடையத் தொடங்கும்போது வெளிவரும் டிரைமெதிலமீன் போன்ற வாயு அந்த ஒட்சிசனோடு தாக்கமுற்றதும், பறிபோன இலத்திரன்கள் துகளுக்கே திரும்ப, மின்தடை சட்டெனக் குறைகிறது. இத்துகள்களால் ஆன வாயு உணரி அளப்பது இந்த மாற்றத்தைத்தான். வெள்ளீய ஒட்சைட்டில் இலத்திரன் வறண்ட புறப்படை ஏறத்தாழ 3 நானோமீற்றர் தடிப்புடையது. ஆகவே, துகளின் விட்டம் 6 நானோமீற்றருக்குக் குறைந்தால் அதன் உட்பகுதி முழுவதுமே வாயுவுக்கு வசப்பட்டு, உணர்திறன் வெகுவாக உயர்கிறது. கடற்கரையில் ஒரு சிக்கலும் உண்டு: ஈரக்காற்றின் நீர் மூலக்கூறுகள் அதே மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு அளவீட்டைக் குழப்பிவிடும்.

புற்றுநோய்க்கான ஒளிச்சிகிச்சையிலும் இதே இலத்திரன் கொடுக்கல்வாங்கல்தான் நிகழ்கிறது; இங்கே அதைத் தூண்டுவது ஒளி. துகளில் ஒளிபட்டு மேலெழும் இலத்திரன் ஒட்சிசனோடும், அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரோடும் தாக்கமுற்று, கலத்தின் மென்சவ்வையும் டி.என்.ஏ.யையும் சிதைக்கும் மூலிகங்களை, அதாவது எதனோடும் எளிதில் தாக்கமுறும் துணுக்குகளை, உண்டாக்குகின்றன. ஆனால் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் அனட்டேஸ் வடிவத்துக்கு 388 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி தேவை. அவ்வொளியோ தோலில் ஒரு மில்லிமீற்றர் ஆழத்தைக்கூட எட்டாது. ஆகவே நைதரசன் போன்ற மூலகங்களைக் கலந்து, கட்புல ஒளியையும் உறிஞ்சும்படி செய்ய முயல்கின்றனர். துத்தநாக ஒட்சைட்டு கலத்தின் அமிலப் பைகளில் கரைந்து, நஞ்சாகும் அளவுக்கு அயன்களை வெளிவிடுவதால், ஒளியே படாத நல்ல கலங்களும் மடியக்கூடும். அதைத் தடுக்கச் சிலிக்கா உறை போர்த்திப் பார்க்கின்றனர்.