சாலை நெரிசலும் காத்திருப்பு நிமிடங்களும்

ஒரு சாலையில் வாகனங்கள் கூடக்கூடத் தாமதமும் அதே அளவில் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உண்மையில் அப்படி நடப்பதில்லை. பாதி நிரம்பிய சாலையில் மேலும் நூறு வாகனங்கள் நுழைந்தால் ஓட்டுநர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். கொள்ளளவை எட்டும் நிலையில் இருக்கும் சாலையில் அதே நூறு வாகனங்கள் நுழைந்தால், சிக்னலில் நிற்கும் வரிசை பின்னோக்கி வளர்ந்து முந்தைய சந்திப்பையும் அடைத்துவிடும். எனவே, உச்ச நேரத்தில் மிகச் சிறிய விழுக்காட்டு வாகனங்களை விலக்கினாலும் பெரிய பலன் கிடைக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தற்செயலாக அமைந்தது. பெரும்பாலோர் கார்களையே நம்பியிருக்கும் அந்நகரத்தில் பொதுப் போக்குவரத்துப் பணியாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் விளைவை ஆராய்ந்து மைக்கேல் ஆண்டர்சன் என்ற பொருளியலாளர் 2014-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நெடுஞ்சாலைகளில் சராசரித் தாமதம் 47 விழுக்காடு உயர்ந்தது. பேருந்திலும் ரயிலிலும் செல்பவர்கள் அங்கே எண்ணிக்கையில் குறைவுதான்; ஆனால் நெரிசல் மிகுந்த வழித்தடங்களிலும் நெரிசல் மிகுந்த வேளைகளிலுமே அவர்கள் பயணம் செய்துவந்தார்கள்.

கார் வைத்திருப்பவர் எப்போது பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறுவார்? வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஆகும் மொத்த நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் மாறுவார். இந்த எளிய எண்ணத்திலிருந்து வியப்பான ஒரு முடிவு பிறக்கிறது. தனிப் பாதையில் ஓடும் ரயிலும் சாலையும் இணையாகச் செல்லும் ஒரு தடத்தில், ரயில் பயணத்தைவிடக் கார் பயணம் விரைவாக இருக்கும்வரை மக்கள் சாலைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் அந்த வரத்து நிற்கும். ஆகவே உச்ச நேரத்தில் கார்களின் வேகத்தைத் தீர்மானிப்பது பெருமளவுக்கு அருகிலுள்ள ரயிலின் மொத்தப் பயண நேரமே. இதை டவுன்ஸ்–தாம்சன் முரண் என்கிறார்கள். காரைவிட்டு இறங்கவே விரும்பாதவருக்கும் நல்ல ரயில் சேவையில் தன்னலம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அந்த மொத்த நேரத்தில் வண்டி ஓடும் நேரம் ஒரு பகுதி மட்டுமே. நிறுத்தத்துக்கு நடப்பதும், காத்திருப்பதும், இடையில் வண்டி மாறுவதும் மீதியை விழுங்குகின்றன. வண்டிக்குள் அமர்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பாரமாகக் காத்திருக்கும் ஒரு நிமிடத்தைப் பயணிகள் உணர்கிறார்கள் என்பது போக்குவரத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. அதனால் பெருஞ்செலவில் வண்டியின் வேகத்தைக் கூட்டுவதைவிட, காத்திருப்பைக் குறைப்பதே பெரும்பாலும் மலிவான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

காத்திருப்பில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து தவறாமல் வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே எண்ணிக்கையிலான பேருந்துகள் 2 நிமிடம், 18 நிமிடம் என மாறிமாறி வந்தால் என்ன ஆகும்? சராசரி இடைவெளி இப்போதும் பத்து நிமிடம்தான். ஆனால் பத்துப் பயணிகளில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் நிறுத்தத்துக்கு வந்து சேர்வார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக 9 நிமிடம் நிற்பார்கள். எல்லோரையும் சேர்த்தால் சராசரி 8.2 நிமிடமாகிறது. ஒரு பேருந்தைக்கூடக் குறைக்காமலேயே காத்திருப்பு அறுபது விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிட்டது. நிர்வாகம் தன் அறிக்கையில் ‘மணிக்கு ஆறு பேருந்துகள்’ என்று எழுதினால் அதில் பொய் இல்லை; ஆனால் பயணிக்கு அது பயன்படாத உண்மை.

இடைவெளி ஏன் குலைகிறது என்பதை நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே கணித வழியில் விளக்கினார்கள். ஒரு பேருந்து சற்றே தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி முடிக்கக் கூடுதல் நேரம் ஆவதால் தாமதம் மேலும் வளரும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்ற ஆளில்லை. அது முன்னதை நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நிரம்பி வழியும் ஒன்றும் காலியான ஒன்றுமாக இரண்டும் ஒட்டியபடி ஓடும். ஓட்டுநர் யாரும் தவறு செய்யாதபோதும் இது நிகழும். இதைத் தடுக்க, பேருந்துகளின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறியும் கட்டுப்பாட்டு மையம், முந்திவிட்ட பேருந்தைக் குறிப்பிட்ட நிறுத்தங்களில் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறது. தாமதமான பேருந்துக்கு மட்டும் பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டிக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட பேருந்தில் இருப்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் தடம் முழுவதற்கும் அது லாபம்.

வண்டி மாறும் இடத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் மெட்ரோவுக்கு யாரும் அட்டவணை பார்ப்பதில்லை. அங்கே ஒருங்கிணைப்பு பெரிதாகத் தேவைப்படாது. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் புறநகர் இணைப்புப் பேருந்து, ரயில் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு கிளம்பிவிட்டால் அது ஓடுவதே வீண். இதற்கான மிக நேர்த்தியான தீர்வை ஸ்விட்சர்லாந்து கண்டது. ரயில்களும் பேருந்துகளும் ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் ஓட வேண்டும். முக்கிய நிலையங்களில் எல்லாத் திசை வண்டிகளும் முழு மணிக்கோ அரை மணிக்கோ சற்று முன்பு வந்து சேர்ந்து, பயணிகள் மாறியபின் சற்றுப் பின்பு கிளம்ப வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இது நடக்க, இரு முக்கிய நிலையங்களுக்கு இடைப்பட்ட ஓட்ட நேரம் அரை மணியின் மடங்குகளைவிடச் சற்றே குறைவாக இருந்தாக வேண்டும். சூரிச்சிலிருந்து பெர்ன் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவந்தது. புதிய இருப்புப் பாதை அமைத்து, 2004 டிசம்பரில் அதை 56 நிமிடமாக்கினார்கள். 50 நிமிடமாகக் குறைத்திருந்தாலும் இணைப்பு வண்டிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதால், அதற்கு மேல் வேகத்துக்குச் செலவிட வேண்டிய தேவை எழவில்லை. அட்டவணையை முதலில் வரைந்து, அதற்கேற்பப் பாதை அமைத்த இந்த வரிசைமுறையே அத்திட்டத்தின் சிறப்பு.

பேருந்தும் ரயிலும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருக்கும்போது இத்தகைய அட்டவணை தானாக அமையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வருவாயையே பார்க்கும். ஹாம்பர்க் நகரத்தில் 1965-இல் போக்குவரத்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, ஒரே பயணச்சீட்டில் எல்லா வண்டிகளிலும் செல்ல வழிசெய்து, வருவாயைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. அதன் பிறகு பயணியைத் தம் வண்டியிலேயே இருத்திக்கொள்ளும் போட்டிக்குக் காரணம் குறைந்தது.

இவ்வளவு செய்த பிறகும் சாலை காலியாகிவிடாது. சிலர் ரயிலுக்கு மாறியதால் விடுபடும் இடம், அதுவரை பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களையும் வேறு பாதையில் சென்றவர்களையும் உள்ளே இழுக்கும். ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் விடப்பட்டபோது கார்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதித்தபோது, அந்த எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. காரைவிட்டு வந்தவர்களை ஏற்றிச்செல்லப் பொதுப் போக்குவரத்து அப்போது ஆயத்தமாக இருந்தது. கட்டணம் விதிக்க இயலாத நகரங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: விடுபடும் இடத்தைக் கார்கள் மீண்டும் நிரப்பும் முன் அதைப் பேருந்துக்கான தனித் தடமாக ஒதுக்கிவிட்டால், பேருந்தின் ஓட்ட நேரமும் இடைவெளியும் மேலும் சீராகும்.