இறுக்குவதும் கால்சியம், தளர்த்துவதும் கால்சியம்

“ரத்த அழுத்தத்துக்குக் ‘கால்சியம் தடுப்பான்’ மாத்திரை சாப்பிடுகிறேன். எலும்பு பலவீனமாகிவிடுமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். ஆகாது. அம்லோடிபைன் போன்றவை உணவிலுள்ள கால்சியத்தைத் தடுப்பதில்லை. தமனிச் சுவரின் மென்தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் எல்-வகை வாயிலைத்தான் அடைக்கின்றன.

அந்தச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 40 முதல் 60 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். இந்த வேறுபாடு குறையக் குறைய வாயில்கள் திறக்கும். வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு சுமார் 10,000 மடங்கு அதிகம். உள்ளே பாயும் கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்தைத் தூண்ட, தசை இறுகும். குழாயின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே ரத்த ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

ஆனால் அதே கால்சியம் தசையைத் தளர்த்தவும் செய்யும். செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் பைகள் சவ்வை ஒட்டினாற்போல் கிடக்கின்றன. அவற்றிலிருந்து அவ்வப்போது ஒரு கால்சியப் பொறி தெறிக்கும். செல்லின் கன அளவில் 1 சதவீத இடம்கூடத் தேறாது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மயோசினை எழுப்ப அது போதாது. ஆனால் சில பத்து நானோமீட்டர் தள்ளி, சவ்வில் காத்திருக்கும் பிகே என்னும் பெரிய பொட்டாசியம் கால்வாய்களுக்கு அதுவே வெள்ளம். பல கால்வாய்கள் ஒருசேரத் திறக்க, பொட்டாசியம் வெளியேறும், உட்புறம் இன்னும் எதிர்மின்னாகும், எல்-வகை வாயில்கள் மூடும், தசை தளரும். எவ்வளவு கால்சியம் என்பதைவிட எந்த இடத்தில் என்பதே இங்கு கணக்கு.

பொட்டாசியம் இப்படி வெளியேறும்போது எழும் மின்னோட்டத் துடிப்புகள் 1986-லேயே பதிவாகிவிட்டன. தமனித் தசையில் பொறியைக் கண்ணால் பார்க்க 1995 வரை ஆனது. “எந்த நோய்க்கு மருந்து?” என்று முதல் நாளே கேட்டு ஆராய்ச்சி நிதியை நிறுத்துகிறவர்கள் இந்த ஒன்பது ஆண்டுகளைக் கவனிக்கலாம்.

இந்தத் துடிப்புகளைப் பதிவு செய்வதும் எளிதல்ல. பப்பைன், கொலாஜினேஸ் நொதிகளால் செல்களைப் பிரிக்கும்போது நேரம் சற்றுக் கூடினாலும், கதிர் வடிவச் செல்கள் கொப்புளம் கட்டி உருண்டுவிடும். மின்னோட்டத்தை அளக்கும் கண்ணாடி நுண்குழாய் செல்லோடு ஒட்டுமிடத்தில் மின்தடை 1 கிகா ஓமைத் தாண்ட வேண்டும்; இல்லையேல் கசிவில் சிறு துடிப்புகள் மறைந்துபோகும். சவ்வைக் கிழித்து உள்ளே போனால் செல்லின் சாறு நுண்குழாய்க் கரைசலோடு கலந்து, பொறிகளே மங்கலாம். அதனால் ஆம்போடெரிசின்-பி என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கொண்டு சவ்வில் நுண்துளைகள் மட்டும் போடுவார்கள். ஒற்றை மின்சுமை அயனிகள் அதில் கடக்கும், கால்சியம் கடக்காது.

வருவது பிகே மின்னோட்டம்தானா என்று உறுதிசெய்ய, பிகே கால்வாயை அடைக்கும் ஐபீரியோடாக்சினைச் சேர்த்துப் பார்ப்பார்கள். துடிப்புகள் நின்றுவிட்டால் அதேதான். அது ஒரு செந்தேளின் நஞ்சு. அந்தத் தேளின் அறிவியல் பெயரிலேயே ‘தமுலஸ்’ இருக்கிறது!

பிகே கால்வாயின் துணைப் புரதமான பீட்டா-1 இல்லாத எலிகளை 2000-ல் சோதித்தார்கள். பொறிகள் வழக்கம்போல் தெறித்தன. கால்வாய்கள்தான் சரியாகச் செவிசாய்க்கவில்லை; எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.