வெளிநாட்டில் மேற்படிப்புக்கு மத்திய அரசு உதவித்தொகை: மூணாறு, பீர்மேடு பிள்ளைகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவருகிறது. வெளிநாட்டில் முதுகலையோ பிஎச்.டி.யோ படிப்பவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே கட்டும்; அங்கே தங்கிச் சாப்பிடவும் பணம் தரும். ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 6 இடங்கள் சீர்மரபினர், நாடோடி, அரை நாடோடிப் பழங்குடியினருக்கு. 4 இடங்கள் நிலமில்லாத விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மொத்தத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. இளங்கலைப் படிப்புக்கு இது கிடையாது.

தேர்வு ஆண்டின் ஏப்ரல் 1 அன்று வயது 35-க்குள் இருக்க வேண்டும். தகுதிப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கேரளத்தின் மூணாறு, பீர்மேடு மலைகளில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வீட்டில் அப்பா அம்மா கூலி இரண்டையும் கூட்டினாலும் இந்த வரம்பு தொல்லை தராது. பிள்ளை கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ ஐ.டி. வேலையில் இருந்தால் அந்தச் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள். அங்கேதான் பலருக்கு வரம்பு இடிக்கும்.

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் வருமானமும் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. சாதிச் சான்றிதழ்தான் தடை. அதைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே, குறைந்தது ஓராண்டு முன்னால், கையில் எடுக்க வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல். அந்தப் பட்டியலை வகுத்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்ததோ அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் நீங்கள் வருவீர்கள். தாத்தா அதற்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்திருந்தால் கேரளச் சான்றுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். கம்பெனி கட்டிய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்களிடம் பட்டாவும் இல்லை, வீட்டு வரி ரசீதும் இல்லை. இந்த ஒரே காரணத்தால் தலைமுறை தலைமுறையாகச் சான்று கிடைக்காத குடும்பங்கள் இங்கே ஏராளம். வேறொருவர் நிலத்தில் உழைத்தே வாழ்ந்தவர்களிடம் நிலப் பத்திரம் கேட்பது அநியாயம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிலப் பத்திரம் இல்லாவிட்டால் வேறு என்ன காட்டலாம்? தோட்ட அலுவலகத்தின் பழைய பேர்ப் பதிவேடு, பி.எஃப். பதிவு, கிராஜுவிட்டி வாங்கிய காகிதம், எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைத் தேடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் சாதிப் பெயரும் எழுதப்பட்டிருக்கும் என்பதால் அதற்கு எடை அதிகம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பக்கத்தின் நகலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். அக்ஷயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) வழியாக விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸ் விசாரித்து அனுப்பும். சான்றிதழ் தருவது தாசில்தார். தாசில்தாருக்குச் சந்தேகம் வந்தால் கோழிக்கோட்டில் உள்ள கிர்த்தாட்ஸ் என்ற, பட்டியல் சாதி, பழங்குடியினர் பற்றி ஆராயும் கேரள அரசு நிறுவனத்தின் விசாரணைக்குப் போகலாம். அப்படிப் போனால் காலம் இழுக்கும்.

குடும்பம் 1950-க்குப் பிறகு வந்ததா? அப்போதும் வழி அடைபடவில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. பிழைக்க வேறு மாநிலம் போனவர் தம் பூர்வீக மாநிலத்தின் பட்டியல் சாதியினராகவே தொடர்கிறார். கேரள அரசின் சலுகைகள் அவருக்குக் கிடைக்காது. மத்திய அரசின் சலுகைகள் கிடைக்கும். இந்த உதவித்தொகை மத்திய அரசுத் திட்டம். ஆகவே தமிழ்நாட்டுச் சான்றை வைத்தே விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த உண்மையான சாதிச் சான்று இருந்தால், அதைக் காட்டிக் கேரளத்தில் வசிக்கும் பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறிப்பிட்டுச் சான்று தரலாம். மத்திய உள்துறை அமைச்சகம் 1982-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. கவுண்டரில் ‘இங்கே தர மாட்டோம்’ என்று வாய்ச்சொல்லில் முடித்தால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவிடமும் சான்று இல்லை என்றால் பூர்வீகத் தாலுகாவுக்குத்தான் போக வேண்டும். பழைய காகிதத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோவில்’ என்று இருக்கும். அந்தத் தாலுகா 2019 முதல் தென்காசி மாவட்டத்தில். ஊரில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பா வீட்டுச் சான்றுகள், குலவழி அட்டவணை இரண்டையும் கொண்டுபோனால் வேலை எளிதாகும்.

அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளன், குடும்பன், பண்ணாடி உள்ளிட்ட ஏழு உட்பிரிவுகள் 2021 சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரின் கீழ் வந்தன. அந்த மாற்றம் தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மட்டும். அதனால் தாத்தா சான்றில் ஒரு பெயர், சித்தப்பா மகன் சான்றில் வேறு பெயர் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே என்பதைக் காட்ட 2021 அரசிதழ் அறிவிப்பின் நகலைச் சேர்த்து வையுங்கள். கிறிஸ்தவர் என்று பதிவாகியிருந்தால் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது. இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள்.

அடுத்து பெயர். தோட்டப் பதிவேட்டில் மாடசாமி, மலையாளத்தில் எழுதிய ரேஷன் கார்டில் மாடஸ்வாமி, ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டு. பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘எம். முத்துச்செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘முத்துச்செல்வி மாடசாமி’. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு இவை இரண்டு ஆட்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் முதலில் ஒன்றாக்குங்கள். திருத்த முடியாத பழைய காகிதத்துக்கு, இருவரும் ஒருவரே என்ற சான்றை வில்லேஜ் ஆபீஸில் வாங்கலாம்; அக்ஷயாவிலேயே விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றும் வேண்டும். அதை மட்டும் சீக்கிரம் வாங்காதீர்கள். முந்தைய நிதியாண்டின் வருமானத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம், கியூ.எஸ். என்ற நிறுவனம் வெளியிடும் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும். பாடவாரித் தரவரிசை செல்லாது, ஒட்டுமொத்தப் பட்டியல்தான் கணக்கு. போட்டி வந்தால் தரவரிசையில் மேலே உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவருக்கே முன்னுரிமை. ஆகவே 480-ஆம் இடத்துப் பல்கலைக்கழகம் ஒன்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சேர்க்கைக் கடிதம் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் அதிகம் வீழ்வது இங்கேதான். கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். ‘இறுதி மதிப்பெண் பட்டியல் அனுப்பினால்’, ‘ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வந்தால்’ என்று ஒரு வரி இருந்தாலும் அது நிபந்தனைக் கடிதம். கேட்டதை அனுப்பிவிட்டு, நிபந்தனை நீங்கிய புதிய கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடைசி செமஸ்டரில் இருப்பவருக்கு இது நடக்காது. பட்டம் முடித்த அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதே நல்லது. சி.ஜி.பி.ஏ. முறையில் மதிப்பெண் தரும் பல்கலைக்கழகமானால், சதவீத மாற்றுச் சான்றையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

மனிதவியல், சமூக அறிவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022 முதல் இந்தத் திட்டம் ஏற்பதில்லை. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய நினைக்கும் பிள்ளைக்கு இதில் இடமில்லை என்பது பெரிய இழப்பு.

பராமரிப்புத் தொகை பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டு, மற்ற நாடுகளில் 15,400 டாலர். இதர செலவுக்கு முறையே 1,100 பவுண்டு, 1,500 டாலர். விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, விமானக் கட்டணம் தனி. 9,900 பவுண்டை மாதக் கணக்கில் பார்த்தால் 825. லண்டனில் அறை வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வேறு ஊரில் அதே தரத்துப் பல்கலைக்கழகம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முதுகலைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, பிஎச்.டி.க்கு 4 ஆண்டு வரை உதவி உண்டு.

முத்துவான் போன்ற பழங்குடியினர் விண்ணப்பிக்க வேண்டியது பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தனித் திட்டத்துக்கு. அதில் ஆண்டுக்கு 20 இடங்கள். கேரளம், தமிழ்நாடு இரண்டு அரசுகளிடமும் சொந்த வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டங்கள் உண்டு. ஆனால் அவை அந்தந்த மாநிலத்துச் சான்று உள்ளவருக்குத்தான்.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததும் வேலையை விட்டுவிடாதீர்கள், விமானச் சீட்டும் எடுக்காதீர்கள். 2025-26-இல் 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிகக் கடிதம் கிடைத்தது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று அமைச்சகம் சொன்னது. வகுப்பு தொடங்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே தேர்வுப் பட்டியல் வந்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, உதவித்தொகைக் கடிதம் தாமதமானால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா, முன்பணம் கட்டக் கெடு நீட்டுவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.