நடைபாதையில் படுத்தவர் என்ன சொன்னார்?

ரேடியோஹெட் குழுவின் 'ஜஸ்ட்' பாட்டுக்கான வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஒரு மண்டைக் குடைச்சல் உண்டு. கோட்டு சூட்டு போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் திடீரென்று நடைபாதையில் படுத்துக்கொள்கிறார். ஒருவர் அவர்மேல் தடுக்கி விழுகிறார், என்ன ஆச்சு என்று கேட்கிறார், கூட்டம் கூடுகிறது, போலீஸ்காரர் வருகிறார், ஏன் படுத்திருக்கிறாய் சொல்லித் தொலை என்று ஆளாளுக்கு நச்சரிக்கிறார்கள். பேச்சுக்குரல் நமக்குக் கேட்காது, சப்டைட்டில் மட்டும்தான். கடைசியில் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். சரியாக அந்த இடத்தில் சப்டைட்டில் இல்லை. அப்புறம் பார்த்தால் கூட்டம் மொத்தமும் தரையில் படுத்துக் கிடக்கிறது.

வீடியோ வந்தது 1995இல். இயக்கிய ஜேமி த்ரேவ்ஸ் அந்த வாக்கியத்தை வெளியே சொல்லவே இல்லை.

மரணத்தைப் பற்றி, கடவுளைப் பற்றி, முதலாளித்துவத்தைப் பற்றி என்று ஏகப்பட்ட விளக்கங்கள் உலவுகின்றன. எனக்கு அவற்றைவிட சுவாரசியமாகப் படுவது, அப்படி ஒரு வாக்கியத்தை யாருமே எழுதாமல் விட்டிருந்தாலும் இந்த வீடியோ இதே மாதிரிதான் நம்மைக் குடையும் என்பது. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர் 1994இல் ஆர்வத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளியும் தெரியாது, குடைச்சலும் வராது. இங்கே கேள்வி தெரியும், பதிலின் விளைவும் தெரியும், நடுவில் ஒரே ஒரு வாக்கியம்தான் காணோம்.

அந்த ஓட்டையை நிரப்ப மூளைக்குப் பெரிய முகாந்திரம் எதுவும் தேவையில்லை. ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் இருவரும் 1944இல் வெளியிட்ட ஆய்வில் வடிவங்கள் அங்குமிங்கும் நகரும் ஒரு சின்ன அசையும் படத்தைக் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டு, கதவு வைத்த ஒரு செவ்வகம், இவ்வளவுதான் படம். என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் எழுதச் சொன்னதில், கிட்டத்தட்ட முழுக்க வடிவங்களாகவே விவரித்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பெரிய முக்கோணம் சண்டைக்காரன், வட்டு பயந்து ஓடுகிறது என்ற ரீதியில் கதையே எழுதிவிட்டார்கள். முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், சிலுவையும் காக்கையும் எரியும் பியானோவும் வரும் ராக் வீடியோவில் மனம் சும்மா இருக்குமா?

போதாக்குறைக்கு இசை வேறு. திரையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு வட்டு கிளம்பி, நடுவில் சந்தித்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் பார்த்தால் ஒன்றையொன்று கடந்து போவதாகத்தான் பெரும்பாலும் தெரியும். சந்திக்கும் கணத்தில் ஒரு 'டிக்' சத்தத்தைச் சேர்த்தால், முட்டிக்கொண்டு திரும்பி வருவதாகத் தெரிவது வெகுவாகக் கூடுகிறது. ராபர்ட் செகுலர், ஆலிசன் செகுலர், ரெனி லாவ் மூவரும் 1997இல் காட்டிய இந்தச் சோதனையில் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதுதான் விஷயம். ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. டிரம் அடி விழும் அதே கணத்தில் பாடகரின் முகத்திலிருந்து இடிந்த வீட்டுக்கு ஷாட் மாறினால், அந்த முகத்துக்கும் வீட்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று நாமே முடிச்சுப் போட்டுவிடுவது இதனால்தான்.

இந்த முடிச்சு தப்பாகவும் விழும். பேர்ல் ஜாம் குழுவின் 'ஜெரமி' (1992) அதற்கு மோசமான உதாரணம். மார்க் பெலிங்டன் எடுத்த மூல வீடியோவில், தனித்து விடப்பட்ட ஒரு சிறுவன் வகுப்பறையில் தன் உயிரைத்தான் மாய்த்துக்கொள்கிறான். எம்டிவி என்ற இசைச் சேனலின் கட்டுப்பாட்டால் துப்பாக்கி யாரை நோக்கி இருந்தது என்பது ஒளிபரப்பில் தெரியாமல் போனது. மிஞ்சியது ரத்தம் தெறித்து உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழர்கள் மட்டும். சிறுவன் அவர்களைச் சுட்டுவிட்டான் என்றே நிறையப் பேர் புரிந்துகொண்டார்கள். ஒரு சில நொடிகளை எடுத்ததில் கதை தலைகீழானது. வெட்டப்படாத வடிவம் 2020இல்தான் பொதுவெளிக்கு வந்தது.

வரிகளும் படமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் வகை ஒன்றும் உண்டு. ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' (1991) தலைப்பைக் கேட்டால் மத நம்பிக்கை போய்விட்டதைப் பற்றிய பாட்டு என்றுதான் தோன்றும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது பொறுமை எல்லை மீறிப் போவதைச் சொல்லும் வழக்கு. ஒருதலை ஆசையில் தவிக்கும் ஒருவரின் பாட்டு அது. இயக்குநர் தர்செம் சிங் என்ன செய்தார்? இறக்கை முளைத்த கிழவர், அம்பு தைத்த புனிதர், கரவாஜியோ ஓவியத்தின் வெளிச்சம் என்று மதப் படிமங்களாகவே நிரப்பிவிட்டார். வழக்கு தெரியாதவருக்கு ஒரு அர்த்தம், தெரிந்தவருக்கு இன்னொன்று. இரண்டாவது ஆளுக்குத்தான் கூடுதல் ருசி என்பது என் கட்சி.

சம்பந்தமில்லாதவற்றில் தொடர்பு காணும் போக்குக்கு கிளாஸ் கான்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1958இல் 'அபோஃபீனியா' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது மனச்சிதைவின் தொடக்க நிலையைப் பற்றி. இன்று நம் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி அந்தச் சொல் விரிந்துவிட்டது. அதனால் நான் ஒரு குறியீட்டை நம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். இந்தப் பொருள் வீடியோவில் மறுபடி வருகிறதா? இதை ஃபிரேமுக்குள் கொண்டுவர யாராவது மெனக்கெட்டிருக்கிறார்களா? நிர்வாணா குழுவின் 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' (1993) வீடியோவில் நிறங்கள் இயல்பை மீறி அடிக்கின்றன. இயக்குநர் ஆன்டன் கார்பைன் அதை வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, அப்புறம் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் நிறம் ஏற்ற வைத்தார். இவ்வளவு பாடுபட்டு வந்த சிவப்பைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பின்னணியில் ஒரு ஷாட்டில் மட்டும் கடந்து போகும் காரின் நம்பர் பிளேட்டை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

சரி, 'ஜஸ்ட்' ஆசாமிக்கு வருவோம். உதட்டு அசைவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று முயல்பவர்களும் உண்டு. ஆனால் உதட்டில் பல ஒலிகளுக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் சந்தர்ப்பம்தான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்கும், இங்கே அதுவும் கிடையாது. நானும் வேகத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். முதல் தடவை உலகம் அழியப் போகிறது என்கிற மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், எனக்குத் தூக்கம் வருகிறது என்கிறார்.