எரர் மெசேஜைப் படித்து முடிவெடுக்கும் புரோகிராம்கள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு பராமரித்து வந்த ஒரு சர்வீஸ், ஒரு நாள் காலையிலிருந்து மறுமுயற்சி செய்வதையே விட்டுவிட்டது. வேறொரு சர்வரிலிருந்து சரக்கு இருப்பு விவரங்களை எடுத்துவருவதுதான் அதன் வேலை. எதிர்முனை பதில் தரத் தாமதித்தால் மூன்று முறை மறுபடி கேட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தோம். அன்று முதல் முறை தவறியதுமே கைவிட்டது. எங்கள் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. முந்தைய இரவு நெட்வொர்க் லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தோம். அதில் எரர் மெசேஜின் வாசகத்தைக் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். எங்கள் கோடோ, மெசேஜுக்குள் 'டைம்டு அவுட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் மட்டும் மறுபடி முயலும். சொற்கள் மாறியதும் மறுமுயற்சியும் நின்றுபோனது.

அந்த வரி நான் எழுதியது. அன்றிலிருந்து மற்றவர்களின் கோடைப் படிக்கும்போதும் இதைத்தான் முதலில் தேடுகிறேன். எரர் மெசேஜுக்குள் சொல் தேடும் வரிகள் நான் பார்த்த பெரும்பாலான புராஜெக்ட்களில் இருந்தன.

மெசேஜ் மனிதர்கள் படிப்பதற்கானது. அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், எழுத்துப்பிழையைச் சரிசெய்யலாம். புரோகிராம் நம்ப வேண்டியது பிழையின் வகையை, அதாவது அதன் கிளாஸை. எழும் பிழையைப் பிடித்துக் கையாள பைத்தானில் 'எக்ஸெப்ட்', ஜாவாவில் 'கேட்ச்' என்று எழுதும்போது, மொழியே கிளாஸைப் பார்த்துத்தான் எந்தப் பகுதி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நமக்கென்று ஒரு எரர் கிளாஸ் எழுதிக்கொள்வது அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

இதன் அருமை பைத்தான் மொழியின் வரலாற்றிலேயே தெரியும். 2012-இல் 3.3 பதிப்பு வரும்வரை, ஒரு ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் பொதுவான ஒரு எரர்தான் கிடைக்கும். ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதற்குள் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் ஃபைல் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. 3.3-இல் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்', 'பெர்மிஷன் எரர்' என்று தனித்தனி கிளாஸ்கள் வந்தன. இரண்டும் 'ஓஎஸ் எரர்' என்ற தாய் கிளாஸின் பிள்ளைகள். அதனால் தாய் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய கோடு எதுவும் உடையவில்லை. துல்லியம் தேவைப்பட்டவர்கள் பிள்ளை கிளாஸைப் பிடித்தார்கள், தேவைப்படாதவர்கள் பழையபடியே இருந்தார்கள். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளை பிரிக்கும் இன்ஹெரிட்டன்ஸின் பயனை விளக்கும்போது நாய், பூனை, வாகனம் என்றெல்லாம் சொல்வதைவிட இந்த உதாரணத்தைக் காட்டத்தான் எனக்குப் பிடிக்கும்.

சரி, எழுதுவது எப்படி? பைத்தானில் இரண்டு வரி போதும். கிளாஸின் பெயர், அடைப்புக்குறிக்குள் அதன் தாய் கிளாஸ், அடுத்த வரியில் 'பாஸ்'. பிழையைக் குறிக்கும் பெயர் 'எரர்' என்று முடிய வேண்டும் என்பது பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஜாவாவில் 'எக்ஸெப்ஷன்' என்று முடிப்பது வழக்கம்.

நான் எப்போதும் ஒரு லைப்ரரிக்கு ஒரு தாய் கிளாஸ் என்று தொடங்குவேன். இருப்பு விவர லைப்ரரி என்றால் 'ஸ்டாக் எரர்'. அதன் கீழே, 'ஸ்டாக் சர்வர் பிஸி எரர்', 'ஐட்டம் நாட் ஃபவுண்ட் எரர்'. என் லைப்ரரியைப் பயன்படுத்துபவர், இங்கிருந்து எந்தத் தவறு வந்தாலும் பிடிக்க வேண்டும் என்றால் தாய் கிளாஸைப் பிடித்தால் போதும்.

எத்தனை கிளாஸ் வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருமுறை நான் சேர்ந்த புராஜெக்டில் ஏறக்குறைய நாற்பது எரர் கிளாஸ்கள் இருந்தன. பெயர் காலியாக இருந்தால் ஒன்று, பெயர் நீளமாக இருந்தால் ஒன்று, பெயரில் எண் இருந்தால் ஒன்று. ஆனால் பிடிக்கும் இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான் நடந்தது: பயனருக்கு மெசேஜைக் காட்டுவது. அங்கே ஒரே கிளாஸ் போதும். புதிய கிளாஸ் எழுதும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதைப் பிடிப்பவர் மற்றதிலிருந்து வேறாக எதையாவது செய்வாரா? சர்வர் பிஸி என்றால் காத்திருந்து மறுபடி கேட்பார். பொருளே இல்லை என்றால் மறுபடி கேட்பதில் அர்த்தமில்லை, பயனரிடம் சொல்லிவிடுவார். இரண்டும் இரண்டு வேலை, அதனால் இரண்டு கிளாஸ். தவறான மதிப்பு வந்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால், மொழியோடு வரும் 'வேல்யூ எரர்' இருக்கவே இருக்கிறது.

அப்புறம், கிளாஸ் என்பதால் அதற்குள் தகவலையும் வைக்கலாம். இதை வெகு சிலரே பயன்படுத்துகிறார்கள். ஒரு சர்வர் 429 என்ற நிலைக் குறியீட்டை அனுப்பினால், கோரிக்கைகள் அளவுக்கு மீறி வருகின்றன என்று பொருள். எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதை அதனுடன் 'ரிட்ரை ஆஃப்டர்' ஹெடரில் சொல்லவும் வழி இருக்கிறது. அந்த எண்ணை மெசேஜ் வாக்கியத்துக்குள் ஒட்டிவிட்டால், பிடிப்பவர் மறுபடியும் வாக்கியத்தைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். எரர் ஆப்ஜெக்டில் ஒரு ஃபீல்டாக வைத்தால் நேராக எடுத்துக்கொள்வார். ஆனால் பாஸ்வேர்டு, டோக்கன், கார்டு எண் போன்றவற்றை மெசேஜில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எரர்கள், புரோகிராமில் நடப்பதைப் பதிந்து வைக்கும் லாகில் போய் விழும். லாகை யார் யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

கீழே இருக்கும் லைப்ரரியின் எரரைப் பிடித்து நம் எரராக மாற்றி எறியும்போது, மூலக் காரணத்தைத் தொலைத்துவிடக் கூடாது. பைத்தான் 3-இல் 'ரெய்ஸ்' வரியின் கடைசியில் 'ஃப்ரம்' போட்டுப் பழைய எரரைக் கொடுத்தால், பிழை எழுந்த வழியைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸில் இரண்டும் தெரியும். ஜாவாவில் 1.4 பதிப்பிலிருந்தே காரணத்தை, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கலாம். இதற்காக நம் கிளாஸிலும் காரணத்தை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை எழுதி வைக்க வேண்டும். அது இல்லாத கிளாஸ்களால், நடு இரவில் வெறும் 'செயல் தோல்வி' என்ற ஒற்றை வரி லாகை வைத்துக்கொண்டு உண்மைக் காரணத்தைத் தேடியிருக்கிறேன்.

தாய் கிளாஸைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பைத்தானில் எல்லாவற்றுக்கும் மேலே 'பேஸ் எக்ஸெப்ஷன்' இருக்கிறது, ஆனால் நாம் 'எக்ஸெப்ஷன்' கிளாஸிலிருந்துதான் கிளை பிரிக்க வேண்டும். கீபோர்டில் நிறுத்தச் சொல்வது, புரோகிராமை முடிக்கச் சொல்வது போன்றவை வழக்கமான வலையில் சிக்காமல் போக வேண்டும் என்பதற்காக அவற்றைத் தனியாக மேலே வைத்திருக்கிறார்கள். ரூபியிலும் 'ஸ்டாண்டர்ட் எரர்' கிளாஸிலிருந்து பிரிக்காவிட்டால், கிளாஸ் பெயர் சொல்லாத 'ரெஸ்க்யூ' அதைப் பிடிக்காது. பிடிக்கும் வரிசையும் முக்கியம். தாய் கிளாஸை மேலே எழுதி, பிள்ளையைக் கீழே எழுதினால் ஜாவா கம்பைல் ஆகாது. பைத்தான் ஒன்றும் சொல்லாது, கீழே உள்ள பகுதி ஒருநாளும் ஓடாது.

கடைசியாக ஒரு பொறி. இதில் நாங்கள் இரண்டு நாள் இழந்தோம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பைத்தானில் ஒரு வேலையை, தனித்தனியாக ஓடும் பல புராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். எல்லாம் சரியாக ஓடும். எப்போதாவது மெயின் புரோகிராம் பதிலுக்காகக் காத்தபடி அப்படியே நின்றுவிடும், லாகில் எங்கள் எரரின் பெயர்கூட இருக்காது. காரணம் எங்கள் எரர் கிளாஸ்தான். அதன் கன்ஸ்ட்ரக்டர் பொருள் எண், காத்திருக்க வேண்டிய நொடி என்று இரண்டை வாங்கும். உள்ளே, அழகாகக் கோத்த ஒரே ஒரு வாக்கியத்தைத் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பும். படிக்கும்போது குறையே தெரியாது. ஆனால் ஒரு புராசஸில் எழும் எரர் இன்னொரு புராசஸுக்குப் போக வேண்டுமானால் அதை 'பிக்கிள்' செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி அனுப்பி, அங்கே மறுபடி உருவாக்க வேண்டும். உருவாக்கும்போது பைத்தான், தாய் கிளாஸ் நினைவில் வைத்திருக்கும் மதிப்புகளை மட்டும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும். அங்கே இருந்தது ஒரு வாக்கியம், தேவைப்பட்டதோ இரண்டு மதிப்புகள். மறுபடி உருவாக்கும் முயற்சியே எரர் ஆகி, மெயின் புரோகிராமுக்குள் தனி இழையாக ஓடி, பதிலை வாங்கிக்கொள்ளும் த்ரெட் செத்துப்போனது. மெயின் புரோகிராமுக்கு அது தெரியாது, வராத பதிலுக்காகக் காத்திருந்தது.

சரிசெய்யச் சில நிமிடங்கள்தான் ஆயின. வாங்கிய இரண்டு மதிப்புகளையும் அப்படியே தாய் கிளாஸுக்கு அனுப்பிவிட்டு, வாக்கியத்தைக் கோர்க்கும் வேலையை, எரரை எழுத்தாக மாற்றும் மெத்தடுக்கு நகர்த்தினோம். இப்போது எங்கள் குழுவில் புதிய எரர் கிளாஸ் யார் எழுதினாலும், கூடவே ஒரு சின்ன டெஸ்ட் இருக்க வேண்டும்: ஆப்ஜெக்டை உருவாக்கு, பிக்கிள் செய், திரும்ப எடு, ஃபீல்டுகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார். அந்த டெஸ்ட் இல்லாத கிளாஸை ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.