பழைய நாட்கள் ஏன் இவ்வளவு இனிக்கின்றன?

"அந்தக் காலத்தில் வாழ்க்கை எவ்வளவு எளிமையாக இருந்தது!" என்று யாராவது சொன்னால், எந்தக் காலம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அவருடைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் வந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் நினைவில் நிற்பதைச் சொல்லச் சொன்னால் இந்த வயதுச் சம்பவங்கள்தான் அதிகம் வருகின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் வேலை, முதல் காதல், தனியாகப் போன முதல் பயணம் என்று எல்லாமே புதிதாக நடப்பதால் அவை அழுத்தமாகப் பதிகின்றன என்பது ஒரு விளக்கம்.

அதோடு முடியவில்லை. ஒரு சம்பவத்தில் இருந்த கசப்பு, மகிழ்ச்சியைவிடப் பொதுவாகச் சீக்கிரம் மங்கிவிடும். கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் ஓரத்தைக் கிழித்தது, பழகிய கையெழுத்து, மடிப்பில் லேசாகப் பரவியிருந்த மை எல்லாம் கண்முன் நிற்கும்; பதில் வராத நாட்களில் எழுதுகிறவருக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று தவித்ததும் ஞாபகம் இருக்கும், ஆனால் அந்தத் தவிப்பு இப்போது நெஞ்சைப் பிசைவதில்லை. போதாக்குறைக்கு, நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை நினைவை மறுபடி கட்டுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் இதை 1932இலேயே எழுதிவிட்டார்.

அப்புறம், சிறுவயது எளிமையாக இருந்ததற்குப் பெரிய காரணம், வீட்டுக் கவலைகளை வேறு யாரோ சுமந்துகொண்டிருந்ததுதான். அவர்களுக்கு அது எளிய காலமாக இருந்திருக்காது.

அதற்காக இந்த ஏக்கத்தைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த யோஹான்னஸ் ஹோஃபர், ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் இதேபோன்ற ஏக்கத்தை ஒரு நோய் என்றே எழுதினார். இன்றைய ஆய்வுகள் நேர் எதிர்த் திசையில் போகின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் செடிகிடிஸ், வில்ட்ஷட் குழுவினர் செய்த பரிசோதனைகளில், தனிமை உணர்வு இந்த ஏக்கத்தைத் தூண்டியது. பழையதை நினைத்துப் பார்த்தவர்கள், தங்களுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று கூடுதலாக உணர்ந்தார்கள்.

ஆகவே ஏக்கம் வரும்போது காலம் கெட்டுப்போச்சு என்று அலுத்துக்கொள்வதைவிட, மனசு யாரை, எதைத் தேடுகிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும் என்பேன். கடிதத்துக்கு ஏங்குகிறவருக்குத் தபால்தலையா முக்கியம்? தனக்காக ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து எழுதினாரே, அதற்குத்தான் ஏங்குகிறார். அதை மின்னஞ்சலிலும் தாராளமாகச் செய்யலாம், நடுவில் நாலு பேருக்குப் பதில் தட்டிக்கொண்டிருக்காத வரை.